என் மனைவியின் காதில் பாடியவன்

என் மனைவியின் காதில் இன்னொருவன் பாடிக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி வீட்டில் ஒற்றை அறையும் சமையலறையுமாக நாங்கள் குடியிருந்த காலம். அவனை நான் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. பேர்கூடத் தெரியாது. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் கிட்டாரோடு.

அவள் உள்ளூர்க்காரி. பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம், அவளுக்கு நெடுஞ்சாலையோரத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், ஒரகடத்தில் கார் கம்பெனி. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடத்தில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் என்னை ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனை அப்படிக் கூப்பிட்டால் தெருவே கூடிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பாட்டு அவளுடைய கம்பெனி பஸ்ஸில் ப்ளூடூத் வழியாக வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனிலிருந்து இவள் போனுக்கு, இவளிடமிருந்து பின் சீட்டுக்கு. அப்படித்தான் அப்போது எல்லாம் பரவும், ஜலதோஷம் உட்பட. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் ஹெட்செட்டின் ஒரு முனையை என் காதில் சொருகினாள்.

“கேளேன்யா. ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு கிட்டாரு. செமையா கீது.”

கேட்டேன். கரகரத்த குரல், தூங்கி எழுந்தவன் பேசுவது போல. முதல் வரியைப் பாடினான். அதே வரியை அச்சு பிசகாமல் மறுபடியும் பாடினான்.

“ஃபைல் சிக்கிக்கிச்சு போல” என்றேன்.

“ஐய, அது அப்படித்தான். மூணாவது வரிக்கு வெயிட் பண்ணு.”

மூன்றாவது வரி வருவதற்கு முன்னால் அவன் ஒரு மூச்சு இழுத்தான். என் மனைவியும் கூடவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். என் பொறாமை ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

பாட்டு இதுதான்:

நின்னு நின்னு காலு வீங்குது, இன்னும் ரிலீவர் வரல.
நின்னு நின்னு காலு வீங்குது, இன்னும் ரிலீவர் வரல.
வந்தா சொல்லுங்க, எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துபோச்சு.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சுவரைப் பார்க்கவும் தோன்றவில்லை. ஏனென்றால் என் வேலைக்கே பேர் ரிலீவர். கார் பூட்டுகிற லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் கையைத் தூக்கிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்று அந்த வேலையை எடுத்துக்கொண்டால்தான் போகலாம். லைனில் எல்லா இடத்து வேலையும் தெரிந்தவனைத்தான் ரிலீவராகப் போடுவார்கள். லைனில் என்னைப் பார்த்ததும் எத்தனை முகம் மலரும் தெரியுமா? வேலையில் எனக்கிருந்த பெருமையே அதுதான். எவனோ ஒருவன் அதை எடுத்துக் கேலிப் பாட்டாக்கி என் வீட்டுக்குள்ளேயே அனுப்பியிருக்கிறான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். நானும் பாடுவேன். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிற மெல்லிசைக் குழுவில் ஆள் குறைந்தால் என்னை மேடையேற்றுவார்கள். கம்பெனி ஆண்டு விழாவில் பாடி வாங்கிய ஹாட் பாக்ஸில்தான் எங்கள் வீட்டு இட்லி சூடாக இருந்தது. இவளிடம் பாடிக் காட்டினால், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “நல்லாத்தான் பாடற” என்பாள். நிமிரமாட்டாள். கிட்டார்க்காரனுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

என் போனில் என் குரலைப் பதிவு செய்தேன். மொட்டை மாடியில் காற்றுச் சத்தம் விழாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பிசிறில்லாமல், சுருதி சுத்தமாக, ஒரு பழைய சினிமா காதல் பாட்டு. அதை அவள் போனுக்கு அனுப்பினேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து அவள் போனில் தேடினால் காணோம்.

“மெமரி கார்டு ஃபுல்லாயிடிச்சுய்யா. அவனோட புதுப் பாட்டு ஒண்ணு வந்துச்சு. எடமில்ல. நீதான் வூட்லயே கீறியே, வேணும்னா பாடிட்டுப் போற.”

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானும் அந்தப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தேன். அவள் தூங்கும்போது அவள் போனை எடுத்து ஒவ்வொன்றாக. ஸ்டூடியோவில் பண்ணியதில்லை என்பது உடனே தெரிந்தது. ஏதோ ஒரு வாடகை அறை. பின்னால் மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். ஒரு பாட்டில் குக்கர் விசில். இன்னொன்றில் யாரோ பாத்ரூம் கதவைத் தட்டி, “சீக்கிரம் வெளிய வால, பஸ்ஸு வந்துரும்” என்று கத்துகிறான். இவன் பாட்டை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறான். கிட்டாரில் ஒரு கம்பி எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். நானாயிருந்தால் சரி செய்துவிட்டுத்தான் பாடியிருப்பேன். தப்பையெல்லாம் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறான், திமிர் பிடித்தவன்.

பாட்டில் ‘வர்றேன்’ என்பதை ‘வாரேன்’ என்கிறான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பயல்! இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஆத்திரம் இரட்டித்தது. நான் ‘வாரேன்’ என்றால் இவள் ‘மண்ணு வாருறியா, தலை வாருறியா’ என்று கிண்டல் செய்வாள். அவன் பாடினால் மட்டும் அந்த வார்த்தை இனிக்கிறதாம். மெஸ் சாப்பாட்டைப் பற்றி ஒரு பாட்டு:

மெஸ்ஸு சாம்பார்ல எம் மூஞ்சி தெரியுது.
மெஸ்ஸு சாம்பார்ல எம் மூஞ்சி தெரியுது.
பொங்கலுக்கு வாரேன்னு சொன்ன மூஞ்சிதானா இது?

இதைக் கேட்டபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதல் தடவை வரியைப் பாடும்போது சாம்பாரைக் கேலி செய்கிறான். அதே வரி இரண்டாம் தடவை வரும்போது கேலி கொஞ்சம் கரைந்துவிடுகிறது. மூன்றாவதில் கழுத்தைப் பிடிக்கிறான். இதை நான் புரிந்துகொண்டேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துத் தொலைத்தது. பிடித்துப்போனால் பொறாமை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு டிப்ளமோ பையன், வெளிநாட்டுப் பாட்டெல்லாம் கேட்கிறவன். அவனிடம் விசாரித்தேன்.

“இதுக்குப் பேரு ப்ளூஸ்ணா. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பருத்திக் காட்டுல வேலை செஞ்ச காலத்துல இருந்து வந்தது. அவங்களும் முதல் வரிய ரெண்டு தடவை பாடுவாங்க.”

பருத்திக் காடா? எங்கள் அம்மா ஆயுசு முழுக்கப் பருத்தி எடுத்தவள். நானும் பள்ளிக்கூட லீவிலெல்லாம் எடுத்திருக்கிறேன். கை கிழிந்ததுதான் மிச்சம், ஒரு வரி எனக்கு வரவில்லை. இந்தப் பாட்டுக்காரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அவன் எந்தக் கம்பெனி என்று பஸ்ஸில் பலரிடம் கேட்டதற்கு ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் இருக்கிறான் என்றார்கள், மறைமலை நகர் என்றார்கள், வேலையை விட்டே போய்விட்டான் என்றும் சொன்னார்கள். ஆள் எப்படியும் ஒல்லியாக, பல் நீட்டிக்கொண்டுதான் இருப்பான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

எங்கள் இருவருக்கும் ஷிப்ட் ஒத்துப்போவது அபூர்வம். அவள் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் தூங்குவாள். சேர்ந்து இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்படி ஒரு ஞாயிறு, நான் கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கம் துணி துவைத்தபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கூட வேலை செய்கிறவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். விளம்பர இடைவேளையில் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

“முடியலடி. எனுக்கு ரிலீவ் ஆனாப் போதும்னு கீது. எத்தினி நாளைக்குத்தான் இப்படியே ஓட்டறது? அந்தப் பாட்டு மட்டும் இல்லாங்காட்டி நான் எப்பவோ பைத்தியம் ஆயிருப்பேன்.”

டிவியை அணைத்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ரிலீவ் ஆவது என்றால் வேலையை விட்டு நிற்பது. பேப்பர் போட்டு, ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் எனக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று கேட்டைத் தாண்டுவது. நான் தினமும் லைனில் செய்கிற ரிலீவ் ஒன்று, ஆட்கள் கம்பெனியை விட்டுப் போகிற ரிலீவ் ஒன்று. அந்த நேரத்தில் எனக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது. என்னை விட்டுப் போகப் போகிறாள், அந்தப் பாட்டுக்காரனுக்காக.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை, மெஸ்ஸில் சாப்பிட்டேன். அவள் ஒன்றிரண்டு முறை “இன்னாய்யா ஆச்சு?” என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். லைனிலும் என் புத்தி நிலையாக இல்லை. ஒருவனுக்கு மாற்றாகப் போய் நின்று, தவறான போல்ட்டை எடுத்து மாட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை. அவள் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். ஒரு பக்கம் குழம்பு கொதித்தது, மறு பக்கம் சோறு. கீழே வாளியில் என் யூனிஃபார்ம் ஊறிக்கொண்டிருந்தது. காதில் ஹெட்செட். உதடு லேசாக அசைந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஹெட்செட்டைப் பிடுங்கிச் சமையல் மேடையில் வீசினேன்.

“எப்ப ரிலீவ் ஆகப் போற? அதைச் சொல்லிட்டுப் போ.”

“இன்னாது? நானா? கம்பெனியையா? வேலைய வுட்டுட்டு இன்னா பண்றது?”

“கம்பெனி இல்ல. இந்த வீட்ட விட்டு. இந்தப் பாட்டுக்காரப் பயகூட. நீ போன்ல சொன்னதைக் கேட்டேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

“யோவ், நீ இன்னா வேல செய்ற?”

“தெரியாதா? ரிலீவர்.”

“அப்படின்னா?”

“நிக்கிறவனுக்கு முடியலன்னா அவன் இடத்துல போய் நிப்பேன்.”

“அங்க கைய தூக்குறவனுக்கெல்லாம் ஓடிப் போய் நிக்கிற. அந்த பாட்டு இன்னா பாட்டுன்னு நெனச்ச, லவ் பாட்டா? அவனும் நின்னுகினு கீறான், நானும் நின்னுகினு கீறேன். கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இங்க நிக்கிறேன். தண்ணி புடிக்க நிக்கிறேன், துணி தொவைக்க நிக்கிறேன். நீ படுத்துகினு டிவி பாக்குற. எனுக்கு எவன்யா வருவான்?”

குழம்பு தளதளவென்று கொதித்தது. அவள் என்னை விட்டுப் போகப் போவதில்லை என்று தெரிந்ததில் வந்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட விடாமல் அந்தக் கேள்வி நின்றது. நான் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். அவள் உடனே விடவில்லை, ஒரு கணம் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். லைனிலும் சிலர் அப்படித்தான், மாற்று ஆள் வந்து பழக்கமில்லாதவர்கள். பிறகு விட்டுவிட்டாள்.

கையை நைட்டியில் துடைத்தாள். நான் வீசிய ஹெட்செட்டை எடுத்து, சிக்கலைப் பிரித்து, காதில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சமையலறை ஜன்னல் வழியாக மாடிப்படி தெரியும். மேல்படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தவன் நான். கரண்டியோடு அங்கே நான் நிற்பதால்தான் அவளால் உட்கார முடிந்தது. ஆனால் அந்த முகத்தோடு அவள் போய்ச் சேர்ந்தது அவனிடம். பொறாமையில் எனக்குக் காது சுட்டது, அடுப்புச் சூட்டினால் மட்டுமல்ல.

“உப்புப் போட்டாச்சா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், மூன்றாவது வரிக்காக. நான் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். போடவில்லை.