மஞ்சள் குடித்த பிளஷர்

எங்கள் பெரியப்பா வாங்கிய காரை நான் முதன்முதலில் பார்த்தபோது அதை எங்கள் வீட்டு மாடுகள் இரண்டும் இழுத்துக்கொண்டு வந்தன. உத்திரமேரூர் ரோட்டிலிருந்து ஏரிக்கரையில் திரும்பி, ஊர்ச் சனம் மொத்தமும் வாய் பிளந்து நிற்க, நுகத்தடியில் வடக்கயிறு கட்டி, பின்னால் ஒரு கப்பல் நீளத்துக்குக் கறுப்பாக அது ஊர்ந்து வந்தது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மாடு இழுப்பதுதான் கார் என்று எனக்கு ரொம்ப நாள் நினைப்பு. பிறகு ஒருநாள் அது தானாக உறுமிக்கொண்டு நகர்ந்தபோது அலறிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரை யாரும் கார் என்று சொல்லமாட்டார்கள், பிளஷர் என்பார்கள். இது வெளிநாட்டு பிளஷர். மெட்ராஸில் ஒரு பெரிய மனிதர் வைத்திருந்து, அவர் போன பிறகு பிள்ளைகள் தள்ளிவிட்டது. தோல் சீட்டு. முன்சீட்டின் முதுகில் மடக்கு மேசை. பொத்தானை அமுக்கினால் கண்ணாடி இறங்கும். இவ்வளவும் ஒரு ஜோடி உழவு மாட்டு விலைக்கு வருகிறதே என்று பெரியப்பா பூரித்துப்போய்விட்டார். பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய சமயம், அதனால்தான் பெரிய வண்டிகளை எல்லாரும் தலையைச் சுற்றித் தூக்கிப்போடுகிறார்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் தெரிந்தது.

வந்த மாதமே இறக்கிய கண்ணாடி ஏற மறுத்தது. அதைச் சரிசெய்ய அந்த வருஷத்து நவரை நெல்லில் பாதி போயிற்று. அடுத்து பிரேக். மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதில் பெரியப்பாதான் எழுந்து நின்றார். அதற்கு மல்லாக்கொட்டை விற்ற காசு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக், பானெட்டுக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்கும்போது ஏதோ ஒன்று குறைந்திருக்கும், எங்கள் வீட்டில்.

"இதுக்கு ஸ்பேர் இங்க இன்னா, மெட்ராஸ்லயே கெடைக்காதுங்க. பம்பாய்லர்ந்து வரணும்" என்பார் அவர். பம்பாய் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

கியர் பெட்டி போனபோதுதான் வீடு அதிர்ந்தது. விலையைக் கேட்ட என் அப்பா அண்ணன் முன்னால் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். பெரியப்பா எழுந்து உள்ளே போனார். அத்தை கல்யாணத்துக்கென்று செய்து வைத்திருந்த அட்டிகையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டு வந்தார். அத்தை அவர்கள் எல்லாருக்கும் கடைசித் தங்கை. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வெலை கம்மின்னு நான் இத்த வாங்கனேன். இப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவும் என்னிய வெலைக்கு வாங்கிக்கினு கீது" என்று பெரியப்பா ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே சொன்னார். பாவமாகத்தான் இருந்தது.

ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தபோது அவர் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கிணற்று ஆயில் இன்ஜினில் தண்ணீர் கசிந்தால் எங்கள் ஊரில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவார்கள். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், கசிவு நிற்கும். பெரியப்பாவின் கணக்கில் பிளஷர் என்பது சக்கரம் வைத்த பம்புசெட்டு, அவ்வளவுதான். ஒரு ஸ்பூன் மஞ்சளைப் போட்டார், நின்றது. அன்று முழுக்க ஊரில் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அது அத்தையின் வேலை ஆயிற்று. தலைக்குக் குளித்து, வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, அப்படியே போய் பிளஷருக்கும் ஒரு ஸ்பூன். மூடியைத் திறந்து கொடுப்பது நான். ஒரு ஸ்பூனுக்கு மேல் விழுந்தால் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் அடைத்துக்கொண்டு இன்ஜின் வெந்துவிடும் என்று பெரியப்பா எங்கள் இருவரையும் நிற்க வைத்து எச்சரித்திருந்தார். நான் காதில் வாங்கவில்லை. அத்தை வாங்கியிருக்கிறாள்.

அப்போதுதான் தாமல் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா வயதிருக்கும். முதல் தாரம் செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நிலபுலன் ஏராளம். பெண் வேலைக்கெல்லாம் போகக்கூடாது என்றார். நகை வேண்டாம், பாத்திரம் பண்டம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, கடைசியில் வாசலைக் காட்டினார்.

"பொண்ணோட அந்த பிளஷரையும் உட்டுட்டீங்கன்னா போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

பெரியப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அட்டிகையை மீட்க வேண்டாம், பம்பாய்க்கு எழுத வேண்டாம். அவர்கள் போனதும் பெரியம்மாவிடம், "ரெண்டு செலவும் ஒரே நாள்ல வாசலத் தாண்டுது" என்றார். சமையலறைக் கதவோரம் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். அதற்குமுன் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பினார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அத்தை முகம், கை, கால் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து, என்னை மூடியைத் திறக்கச் சொன்னாள். ஸ்பூனைக் காணோம். மஞ்சள் டப்பாவையே கவிழ்த்தாள். மிச்சத்தைக் கையால் வழித்துப் போட்டாள். பிறகு மேலே தண்ணீரை ஊற்றி, ஒரு குச்சியை விட்டுக் கலக்கினாள்.

"இன்னா அத்தே, அல்லாத்தயும் போட்டுட்ட?" என்றேன்.

"வண்டியயும் இன்னிக்கு பொண்ணு பாக்க வராங்க இல்ல? நல்லா பூசி உடணும்டி" என்றாள்.

ரொம்ப நியாயமாகப் பட்டது. மூடியை நானே இறுக்கிப் போட்டேன்.

மாப்பிள்ளை தம் ஆட்களோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. அத்தையைப் பார்த்தது வெற்றிலை மெல்லுகிற நேரம். பிளஷரைப் பார்த்ததில்தான் நேரம் போனது. டயரைத் தட்டினார், கதவை மூடித் திறந்தார், சீட்டில் உட்கார்ந்து குதித்தார். எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா, எத்தனை கை மாறியது என்றெல்லாம் கேட்டார். அத்தையைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், நோவு நொடி ஏதாவது உண்டா என்று.

அவர் ஓட்ட, பக்கத்தில் பெரியப்பா, பின்னால் நான். ஏரிக்கரை மேல் வண்டி ஏறியது. கொஞ்ச தூரத்திலேயே முன்னால் இருந்த முள் ஒன்று மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை அதைக் காட்டினார்.

"கொஞ்சம் சூடு காட்டும். ஃபாரின் வண்டி இல்லீங்களா, அப்பிடித்தான் இருக்கும். நீங்க உடுங்க" என்றார் பெரியப்பா. அவர் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

பானெட்டின் இடுக்கில் புகை வந்தது. கருகல் நாற்றம் வந்தது. மதகுக்குப் பக்கத்தில் போகும்போது காலடியில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பிளஷர் அப்படியே நின்றது. நான் முன்சீட்டில் மோதி மடக்கு மேசையோடு கீழே விழுந்தேன். யாரும் என்னைத் தூக்கவில்லை.

மாப்பிள்ளை இறங்கினார். தமக்கும் வண்டி தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். பெரியப்பா "வாணாங்க" என்று கத்தி முடிப்பதற்குள் கொதிதண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. அவர் துள்ளி விலகியதால் முகம் பிழைத்தது, கைதான் கொப்பளித்தது. சட்டை, வேட்டி, துண்டு எல்லாம் மஞ்சள். களத்துமேட்டில் வேலையாக இருந்த பெண்கள் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரிப்பதா பதறுவதா என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கோலத்தோடு அவர் கரை முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தார்.

அம்மா வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "வண்டியே இல்லன்னு ஆயிட்ட அப்பறம் இன்னா பேச்சு கீது? நாங்க வரோம்."

போய்விட்டார்கள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கேசரியும் பஜ்ஜியும் தட்டுத்தட்டாக அப்படியே இருந்தன. ஒரு மனிதர் காருக்காகத்தான் எங்கள் அத்தையைக் கட்டிக்கொள்ள வந்தார் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, ரேடியேட்டர்ல கொழம்பு கூட்டி வெச்சி கீறீங்க?" என்றார். இன்ஜின் உள்ளே கடித்துக்கொண்டுவிட்டது, இனி எடைக்குப் போடலாம் என்றார். வாரா வாரம் மஞ்சள் போடச் சொன்னது தாம்தான் என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேறு யார் மேலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தையைக் கட்டிக்கொண்டு பெரியம்மாதான் அழுதாள்.

"மஞ்சப் பூசன கை காயறதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சே" என்று அத்தையின் உள்ளங்கைகளைப் பிரித்துப் பார்த்தாள். விரலிடுக்கு வரைக்கும் மஞ்சளாகத்தான் இருந்தது.

அத்தை அழவில்லை. முந்தின நாள் எல்லாரும் இடிந்து உட்கார்ந்திருந்தபோதே கேசரித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டாள். அடுத்த வருஷம் தென்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே தன்னோடு வேலை பார்த்த ஒருவரைத் தானே சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அட்டிகை கடைசிவரை திரும்பவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பிளஷரை எடைக்கு எடுத்துப்போக ஆள் வந்த அன்றைக்கு மறுபடியும் அதே மாடுகளைத்தான் பூட்டினார்கள். என் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு டப்பா மஞ்சளையும் அத்தை ஆசையாசையாக அதற்குத்தானே கொடுத்தாள், அதை வாங்கிக் குடித்துவிட்டு அவளுக்கே துரோகம் செய்துவிட்டதே என்று ஓடிப்போய் டயரில் ஓங்கி உதைத்தேன். அத்தை என்னைப் பிடித்து இழுத்தாள்.

"அத ஏண்டி ஒதைக்கிற? அது நல்ல வண்டிடி" என்றாள்.

மாடுகள் இழுக்க இழுக்க, வண்டி ஏரிக்கரை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். போயும் போயும் அந்த வண்டியையா நல்ல வண்டி என்கிறாள் என்று நான் அதிர்ந்துபோய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.