சந்திரமதி வாசல் மண்

மலேசியாவின் கேமரன் மலையில் குச்சியை நட்டாலும் முளைக்கும் என்று பேசுகிறவர்கள், அங்கே ரிங்லெட் ஊரில் சந்திரமதியின் வீட்டு வாசலை வந்து பார்க்க வேண்டும். வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் மஞ்சள் களிமண்ணும் உடைந்த செங்கல்லும்தான். மழைக்குச் சொதசொதக்கும், வெயிலுக்கு மண்வெட்டியையே திருப்பி அடிக்கும்.

ஆயுசில் பாதியைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே கழித்தவர் அவர். தோட்டத்தார் கொடுத்த லயன் வீட்டை விட்டு, மகன் ரூபன் வாங்கிய இந்த வீட்டுக்கு வரும்போது முட்டி இரண்டும் போயிருந்தன. ரூபனுக்கோ வாசலில் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்த ஆசை.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன்மா. செடி ஒன்னும் புடிக்கலன்னா சிமெண்டு போட்டுருவேன்லா."

"எனக்குன்னு ஒரு பிடி மண்ணு இருந்ததே இல்லடா" என்றார். அதற்கு மேல் வாதாட அவருக்குத் தெம்பில்லை.

முதலில் நட்ட கறிவேப்பிலைக் கன்றுக்கு, தோட்டத்தில் வீசிய பழக்கத்தில் கை நிறைய உரத்தை வீசினார். முற்றிய தேயிலைத் தூர் தாங்கும். பச்சைக் கன்று தாங்குமா? கருகிவிட்டது. அடுத்த வீட்டுக் காய்கறி விவசாயி காளிமுத்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொதல்ல மண்ணுக்குச் சோறு போடுங்கக்கா. செடிக்கு அப்புறம் போடலாம்."

சொல்வதற்கென்ன, சுலபம்தான். சந்திரமதி செங்கல்லைப் பொறுக்கினார், களிமண்ணைக் கொத்தினார், மட்கிய கோழி எருவையும் சருகையும் கலந்து மூடிவைத்து மாதக்கணக்கில் காத்திருந்தார். முதுகு விட்டுப்போயிற்று. எதற்கு இந்தப் பாடு என்று பல நாள் அலுத்துக்கொண்டார். மண் கறுத்துப் பொலபொலத்த பிறகு இரண்டாவது கன்றை நட்டு, குளிர்காற்று படாமல் சாக்கு கட்டினார். அப்படியும் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது.

தீபாவளி நெருங்கியது. சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. அடுத்த நாள் காலையில் பார்த்தால், குச்சியின் நுனியில் துளிர்!

"ரூபா! ஓடியாடா! புடிச்சிருச்சி!"

அவன் படம் எடுக்கக் கைப்பேசியோடு ஓடிவந்தான். குச்சி மொட்டையாக இருந்தது.

"எங்கம்மா?"

அவர் உள்ளங்கையை விரித்தார். துளிர் அதில் கிடந்தது. மகனைக் கூப்பிட்டுக்கொண்டே, தேயிலையில் கிள்ளுவதுபோலக் கிள்ளியிருக்கிறார். கிள்ளியது அவருக்கே தெரியவில்லை.

ரூபனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பரவால்லம்மா. வேரு புடிச்சிருச்சில்ல, மறுபடி துளிர்க்கும்."

"அது துளிர்க்கும்டா. இந்தக் கை எப்பத்தான் என் கையாவும்?" என்று சொல்லி, அடக்கமாட்டாமல் அழுதார்.

ரூபன் சிமெண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடியும் காரில் ஏற்றினான்.