இரண்டு ரேம் போட்டால் ஓடாத கணினி

கடையில் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமென்றால் எனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து, எனக்கும் அதையே கொடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்படிப்பட்டவன் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டினேன் என்றால் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அது எனக்கு ஏற்ற வேலைதான். திருகாணி நம்மிடம் கேள்வி கேட்காது.

கணினி எனக்காக அல்ல, என் மனைவிக்காக.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது கையால் கொழுந்து கிள்ளுவது குறைவு. மெஷின்தான் வெட்டுகிறது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வெட்டிய இலை காற்றில் பறந்து பின்னால் தொங்கும் நீளமான பைக்குள் விழும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக ஓர் ஆள் நடக்க வேண்டும். பல வருடங்களாக அந்த மூன்றாவது ஆள் என் மனைவி. முன்னால் போகிற இருவரையும் திட்டிக்கொண்டே நடப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.

போன வருடம் அவளுக்கு முட்டி வீங்கியது. கிளினிக்கில் பார்த்த டாக்டர், மேடு பள்ளத்தில் நடக்காதீர்கள் என்றார். எங்கள் தோட்டத்தில் மேடு பள்ளம் இல்லாத இடம் இரண்டுதான். ஒன்று பூப்பந்துத் திடல். இன்னொன்று ஆபீஸ்.

பூப்பந்தில் சம்பளம் கிடையாது. ஆபீசில் ஓர் இடம் காலியானது. சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பள்ளியில் படிவம் ஐந்து முடித்திருந்தால் போதும். திங்கட்கிழமை காலை ஒரு பரீட்சை. கணினியில் மலாய்க் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து, ஓர் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். அவள் படிவம் ஐந்து வரை படித்தவள். நான் மூன்றோடு நின்றவன். ஆனால் அவள் கீபோர்டைத் தொட்டதே இல்லை. வேலை கிடைத்தால் மலையை விட்டு இறங்கிவிடலாம். கிடைக்காவிட்டால், அந்த முட்டியோடு இன்னும் எத்தனை மாதம் நடக்க முடியும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"நான் பூட்டித் தரேன்" என்று சொன்னேன். வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குள் அந்த ஆசை ரொம்ப நாளாக இருந்தது. கணினிப் பெட்டியும் திரையும் தாப்பாவிலுள்ள என் அக்கா வீட்டில் சும்மா கிடந்தன. மற்றதில் பெரும்பாலானதைப் போனில் ஆர்டர் செய்தேன். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது எல்லாம் வந்து சேர்ந்தன.

இங்கே ரேம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினி வேலை செய்யும்போது அப்போதைக்குத் தேவையானதை வைத்துக்கொள்ளும் இடம் அது. பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி இருக்கும். இரண்டு வாங்கினேன். ஒன்று வேகமானது, புதியது. மற்றது சாதாரணமானது, ரிங்லெட்டில் ஒரு போன் கடையில் பழையதாக வாங்கியது. அந்தக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, வாங்குவதாக இருந்தால் ஒரே மாதிரி ஜோடியாக வாங்கு என்று மலாயில் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு ஒன்றை மட்டும் வாங்கி வந்தேன். ஏனென்றால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் கலக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். உயரமான மலையின் தூளும் தாழ்வான மலையின் தூளும் பெரிய உருளைக்குள் போகும். சுற்றி வெளியே வந்தால் எல்லாம் ஒரே தரம். நல்லது கொஞ்சம், சுமாரானது கொஞ்சம். கலந்தால் நல்லதாகவே விலை போகும். ரேமும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு ரேமையும் செருகி, சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை. மறுபடியும் ஒரு நீளம், இரண்டு குட்டை.

"என்னாங்க, லோரி ரிவர்ஸ் எடுக்குதா?" என்றாள் அடுப்படியிலிருந்து.

பழையதைக் கழற்றினேன். ஓடியது. புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். அதுவும் ஓடியது. புதியதை மட்டும் திரும்பப் போட்டு, வீடியோவில் சொன்னபடி அதன் முழு வேகத்தையும் திறந்துவிட்டேன். குதிரை மாதிரி ஓடியது. அவள் வந்து உட்கார்ந்து ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினாள். பெயர் திரையில் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான்.

புதன்கிழமை அவள் மலையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் கணினி குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"நேத்து ஓடுச்சே?"

"ஒண்ணு போட்டா ஓடுது. ரெண்டு போட்டா ஓடல."

"அப்ப ஒண்ணே போடுங்க லா."

"ரெண்டு வாங்கிட்டோமே."

"வீட்ல குடைகூட ரெண்டு இருக்கு. மழ வந்தா ரெண்டையுமா விரிச்சிக்கிட்டுப் போறீங்க?"

அழிரப்பரால் ரேமின் தங்க நிறப் பற்களைத் தேய்த்தேன். நீளம், குட்டை, குட்டை. வியாழக்கிழமை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். நீளம், குட்டை, குட்டை. பனி ஈரம் இறங்கியிருக்கும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துக் காயவைத்தேன். அவள் அப்பளம் என்று நினைத்து எடுக்கப் போனதாகச் சொன்னது கேலிக்குத்தான்.

அதற்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கீபோர்டை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதோடும் சேராத அந்தக் கீபோர்டில் எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லியபடி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அடிக்கிறே?" என்றேன்.

"லெட்டருதான். பாதி முடிஞ்சிருச்சி. தப்பே இல்ல, நீங்க வேணும்னா பாருங்க" என்று இருட்டுத் திரையைக் காட்டினாள்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனேன். அந்தப் போன் கடையில் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் மலாயில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். கடைக்குள் போனேன். தவுக்கே நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் தொங்கிய போன் உறைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் உறையை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். அது எங்கள் இருவர் போனுக்கும் பொருந்தாத உறை.

"கேட்டீங்களா?"

"கடையில கூட்டம்."

"எத்தன பேரு?"

"தவுக்கே இருந்தாரு."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அரை நிமிடம் சிரித்தாள். பிறகு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கு எனக்கு அரை நாள்தான் வேல. வந்து நானே பாக்குறேன். இதுல என்னாதான் இருக்குன்னு எனக்கும் தெரியணும்" என்றாள்.

சனிக்கிழமை நண்பகல். தொப்பியைக் கூடக் கழற்றாமல் கணினிக்குள் குனிந்தாள். நான் தூள் கலக்கும் கணக்கை முழுதாக விளக்கினேன்.

"தூளு ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். இது எங்க கலக்குது? அதது தனியாத்தானே நிக்குது" என்றாள். "இது உங்க வேல மாதிரி இல்லீங்க. எங்க வேல மாதிரி. ரெண்டு பேரு ஒரு மெஷின தூக்குறாங்க."

அவள் விரலால் எண்ணினாள். ரேம் செருகும் பள்ளம் நான்கு இருந்தன. முதல் இரண்டில் நான் ஒட்டி ஒட்டிச் செருகியிருந்தேன்.

"ஏன் ரெண்டையும் ஒரே பக்கமா நெருக்கி வெச்சிருக்கீங்க? மெஷின் தூக்குற ரெண்டு பேரும் ஒரே சந்துலயா நடப்பாங்க? நடுவுல ஒரு வரிசை விடணும்ல?"

"அப்படியெல்லாம் இருக்காது."

"புஸ்தகம் ஒண்ணும் குடுக்கலயா?"

கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் அடியிலேயே விட்டுவிட்டேன். அவள் எடுத்துப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் படமே போட்டிருந்தது. இரண்டு ரேம் என்றால் இரண்டாவது பள்ளமும் நான்காவது பள்ளமும். நடுவில் ஒன்று காலி. புத்தகத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மாற்றிச் செருகினேன். சத்தம் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. கீபோர்டைத் திரும்பப் பூட்டி மேசையில் வைத்து, முதல் முறையாக ஒரு முழு வரியை அடித்தாள். இரண்டாவது வரியில் திரை அப்படியே உறைந்து, நீலமாகி, அணைந்தது.

"போர்டு கெட்டுப்போச்சி" என்றேன். என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததை அவள் கவனித்திருப்பாள்.

"இருங்க. கொஞ்சம் ஓடுச்சில்ல? அப்ப இடம் சரி. நடதான் சரியில்ல. எங்க கூட்டத்துல ஒருத்தரு அறுபத தாண்டுனவரு, ஒருத்தன் புதுசா வந்தவன். புதுசா வந்தவன் ஓடுவான். மெஷினு ஒரு பக்கமா சாஞ்சி முத்துன எலய வெட்டும். நான் பின்னாலேருந்து யார திட்டுவேன் தெரியுமா? ஓடுறவனத்தான். மெதுவா வர்றவர வேகமா வான்னா அவரு விழுந்துருவாரு."

அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை புதிய ரேமுக்காக நான் திறந்துவிட்ட வேகம் அப்படியே இருந்தது. பழையதையும் அந்த ஓட்டம் ஓடச் சொல்லியிருக்கிறேன். கணினியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பழையதன் வேகத்துக்கு இறக்கினேன். இரண்டும் சேர்ந்து ஓடின. சாயங்காலம் வரை ஓடின. அவள் விட்டால்தானே அணைப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னை மேசைப் பக்கம் வரவிடவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, நீண்ட யோசனை, இரண்டு தட்டு. சாயங்காலத்துக்குள் யோசனை குறைந்து சத்தம் கூடியது. ஒற்றை ரேமோடு செவ்வாய்க்கிழமையே விட்டிருந்தால் இந்தச் சத்தம் எனக்கு ஐந்து நாள் கேட்டிருக்கும். அவள் கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். நானும் ஏதோ ஒன்றில் கெட்டிக்காரன் என்று அவள் பார்க்க வேண்டும் என்றுதான் ஓடுகிற கணினியைத் திறந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. எழுதுவது சுலபம்.

திங்கட்கிழமை பத்து மணி வாக்கில், தொழிற்சாலைப் பின்வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன சேலை, காலில் மழைச் செருப்பு.

"அட்டவணை போட்டுட்டேன். லெட்டர்ல கடேசி ரெண்டு வரி முடிக்கல. டைம் ஆயிருச்சி."

அந்த இரண்டு வரியும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். புதன், வியாழன், வெள்ளி. அவளுக்கும் தெரியும். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உடை மாற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் நான் உருளைக்குள் போட்ட தூள் என்ன தரத்தில் வெளியே வந்தது என்று எனக்கு நினைவில்லை. வியாழக்கிழமை பெரிய கிராணி வீட்டுக்கே வந்தார். பரீட்சை எழுதிய ஆறு பேரில் மூன்று பேர் கடிதத்தை முடித்திருந்தார்களாம். ஆனால் அட்டவணையைக் கோணாமல் போட்டது இவள் ஒருத்தி மட்டும்தானாம். மூன்று மாதம் பார்ப்போம், திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அவர் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம் ஆபீசிலிருந்து போன் செய்தாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இங்க உள்ள கம்ப்யூட்டரு ரொம்ப ஸ்லோவா இருக்கு. கிராணி கேட்டாரு, ஒங்க வூட்டுக்காரரு இதெல்லாம் பாப்பாராமே, வரச் சொல்லலாமான்னு."

"நீ என்னா சொன்னே?"

"வேணாம் சார், அவரு தொறந்தா நமக்கு ஒரு வாரம் வேல நடக்காதுன்னு சொல்லிட்டேன்."

"அதுல எத்தன ரேம் போட்டிருக்காங்கன்னு பாத்தியா?" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.