ஒரே வார்ப்பில் நான்கு வரிகள்

மும்பையில் எனக்குச் சம்பளம் கொடுப்பது முற்றுப்புள்ளிகளை நீக்குவதற்காக என்று சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். யாரோ எழுதும் ஆங்கில அறிக்கைகள் அச்சுக்குப் போகுமுன் செம்பூரில் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அவற்றில் வரும் பட்டியல்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். துண்டு வரி என்றால் முடிவில் புள்ளி கூடாது. முக்கியமாக, எல்லா வரிகளும் ஒரே வார்ப்பில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முழு வாக்கியமாக நீண்டால் வெட்டிவிட வேண்டியதுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் புள்ளி வைக்க மறந்து முட்டி போட்டவன் நான். இங்கே அதே புள்ளியை எடுத்துப் பிழைக்கிறேன்.

தாராவியில் எங்கள் சந்தில் எனக்கு ஆபீஸ் தம்பி என்று பெயர். ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட நோட்டீஸ், எது இங்கிலீஷில் வந்தாலும் என் வாசலுக்கு வரும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன்.

எதிர்வீட்டுச் செல்லத்தாய் அக்காவின் கணவர் தையல் பட்டறைத் தீயில் சிக்கி உள்ளேயே இறந்துபோனார். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து அதை விசாரித்த பெண், அச்சான அறிக்கையின் பிரதி ஒன்றை அக்காவிடம் கொடுத்துப் போயிருந்தாள். அக்கா அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"நான் சொன்னது இதுல இருக்கா தம்பி? கதவ வெளிய பூட்டிச் சாவிய மொதலாளி கொண்டுபோய்ட்டான்னு அந்தப் பொண்ணுகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எழுதிக்கிட்டாள்லா."

பக்கத்தைப் புரட்டினேன். நான் திருத்திய பட்டியல். என்னிடம் வந்தபோது அதில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. யூனிட் ஆறு என்று மட்டும் இருந்தது. உயிர்ச்சேதத்துக்குக் காரணங்கள் நான்கு. பழைய வயரிங், துணிக் குவியல், தீயணைப்புக் கருவி இல்லாமை என்று மூன்றும் சிறிய வரிகள். நான்காவது மட்டும் நீளம்: முதலாளி வெளியே பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றுவிட்டார். பட்டியலின் அழகு கெடுகிறதே என்று அதைப் பூட்டிய கதவு என்று சுருக்கியிருந்தேன். மற்ற மூன்றோடும் கச்சிதமாகப் பொருந்தியது. பூட்டியவன்தான் காணாமல் போயிருந்தான்.

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான்.

மறுநாள் மேலாளர் அம்மாவிடம், நான்காவது வரி பழையபடி முழுதாக வேண்டும் என்று இந்தியில் கேட்டேன்.

"ஃபுல் ஸ்டாப் சாஹியே க்யா? தோ சாரோ மே லகாவ்" என்றார். புள்ளி வேண்டுமானால் நாலு வரிக்கும் வை என்கிறார்.

புள்ளி இல்லை மேடம், ஓர் ஆள் விட்டுப்போய்விட்டான் என்றேன். அவர் திரையைப் பார்த்து வரிகளை எண்ணினார். நாலும் சரியாக இருந்தன. அச்சாகிவிட்டதை எதற்கு நோண்டுகிறாய் என்று தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா பேனாவோடு வந்தார்.

"அந்த வரிக்கு அடியில ஒரு கோடு போட்டுக் குடுங்க தம்பி. நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல காட்டணும். எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா."

ஏதோ ஒரு வரியில் கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். முடியவில்லை.

"மொதலாளி இதுல இல்லக்கா. கதவு பூட்டியிருந்துச்சுன்னு மட்டும்தான் இருக்கு. அவன எடுத்தது நான்தான். என் வேல அது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்க ஆபீஸ்ல நம்ம ஆளுக நெறய பேரா தம்பி?"

"நான் ஒருத்தன்தான்க்கா."

"இருந்த ஒருத்தரும் நீங்கதானா" என்று தாளை வாங்கி மடித்துக்கொண்டார்.

அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்து போகவில்லை.

இப்போது அக்காவின் தாள்களைச் சந்துக் கோடியில் இருக்கும் பீகார் தையல்காரர்தான் பார்க்கிறார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து இந்தியில் சொல்ல, அக்கா பாதி புரிந்து தலையாட்டுகிறார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளில் இருப்பது எனக்கு இங்கிலீஷிலும் தெரியும், தமிழிலும் சொல்லத் தெரியும். என்னிடம் யாரும் கேட்பதில்லை.