டேக்கைக் கெடுத்த தோமியே

எங்கள் ஸ்டுடியோவில் நிலாவும் புதன் கோளும் தோமியேயின் கையில்தான் பிறந்தன. டோக்கியோவில் ஞாயிறு மாலை டிவியில் எங்கள் சூரியக் குடும்ப நிகழ்ச்சியை வாய் பிளந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு, நிலாவின் தரை சிமெண்டும் வறுத்த சோயா மாவும்தான் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

"பசிக்குதுன்னு நிலாவ நக்கிடாதீங்கடா, வயித்துல கட்டிக்கும்" என்பாள். சிரிக்கும்போது முன்பல் ஒன்று இருக்காது. அது போனது என்னால்.

டைரக்டர் சொனோடா ஒரு மிருகம். ஸ்கிரிப்டைச் சுருட்டி, உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருப்பார். விளக்கு சாய்ந்தால் முதுகில் விழும், டீ ஆறியிருந்தால் தலையில் விழும். "ஹொன்பன்!" என்று அவர் கத்திவிட்டால் அசல் டேக் தொடங்கிவிட்டது. ஓசையையும் கையோடு பதிவு செய்வதால் யாரும் இருமக்கூடக் கூடாது.

அப்படி ஒரு டேக்கில், விளக்குப் பிடித்து ஏணி மேல் நின்ற என் முதுகுக்குப் பின்னால் விளக்கு ஒயர் தீப்பிடித்தது. நான் கவனிக்கவில்லை.

"அகுட்சு, குதிடா!" என்று தோமியே அலறினாள். நான் பிழைத்தேன், டேக் போயிற்று. கட்டை அவள் வாயில் இறங்கியது. ரத்தத்தோடு பல்லைத் துப்பிவிட்டு, இடுப்பு வரை குனிந்து அவரிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். அவர் குரல்வளையை நெரித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு, புதன் கோளில் விண்கல் மோதும் காட்சி. காற்றுத் துப்பாக்கியால் இரும்புக் குண்டை அதே சோயா மாவு மண்ணில் சுட வேண்டும். கறுப்புத் துணிக்குப் பின்னால் முரோய் இருந்தான். 'ஹொன்பன்' காதில் விழுந்ததும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுச் சுடுவான். முன்னால் யார் நின்றாலும் அவனுக்குத் தெரியாது.

சொனோடா கத்தினார். கேமரா ஓடியது. அப்போதுதான் மண்ணில் ஒரு முடி கிடப்பதைப் பார்த்தார் மனிதர். அதை எடுக்கத் துப்பாக்கிக்கு நேராகத் தலையை நீட்டினார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. அவரே அடித்து அடித்துப் பழக்கியது அது. சாகட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

"குனிங்க!"

தோமியேதான். அவர் குப்புற விழுந்தார். குண்டு காது மடலைக் கிழித்துக்கொண்டு போய் மரச்சுவரில் குத்தி நின்றது. சோயா மாவெல்லாம் ரத்தம். எழுந்தார், காதைத் தொட்டுப் பார்த்தார், பாழான மண்ணைப் பார்த்தார். கட்டையை எடுத்து அவள் கன்னத்தில் விளாசினார்.

"டேக்கக் கெடுத்துட்டியேடி, நாயே!"

இந்த முறை தோமியே குனியவில்லை. ரத்த மண்ணை வழித்துக் கொட்டினாள். புது மாவைத் தூவிச் சமன் செய்தாள். சுவரிலிருந்து குண்டைப் பிடுங்கி முரோயிடம் நீட்டினாள்.

"போடு முரோய். சொனோடா சார், நீங்க போய் அதே எடத்துல தலைய வைங்க. இந்தத் தடவ நான் வாயத் தொறக்க மாட்டேன்."

முரோய் குண்டை உள்ளே தள்ளினான். நான் விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினேன். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொனோடா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கட்டை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.