இடித்த கை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாசு இத்தாலியச் சாப்பாட்டுக் கடை திறந்தபோது, சமையல் வேலைக்கு வந்த அமுதவள்ளியின் தலையில் கல் உரலில் இடிக்கும் வேலை விழுந்தது. பெஸ்தோ என்கிற பச்சைத் துவையலுக்கு, துளசி மாதிரி மணக்கும் பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டைப் பருப்பு, சீஸ் எல்லாவற்றையும் எண்ணெய் விட்டுக் கையாலேயே இடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மதியக் கூட்டம் வரும்வரை ஓய்வில்லை.

வாசு நல்ல பிள்ளைதான். பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு மேசைக்கும் போய், "பெஸ்தோன்னா ஜெனோவாக்காரங்க பாஷையில இடிச்சதுன்னு அர்த்தம் பாஸ். மெஷின்ல அரைச்சா அது பெஸ்தோவே இல்ல லா" என்று விளக்குவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு உரலைப் படம் எடுப்பார்கள். இடித்தவளை யாரும் எடுத்ததில்லை. அவளுக்கும் அந்த ஆசை கிடையாது.

அவளுக்கு இருந்த ஆசை வேறு. மகள் புனிதா டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தாள். புனிதா பிழைத்துவிட்டாள். தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் அம்மாவின் வலது தோள்தான் மக்கர் செய்தது. தலை வாரக்கூடக் கை மேலே போகவில்லை.

"தம்பி, பூசம் வரைக்கும் மெஷின்ல அரைச்சிக்கிறேனே. கை தூக்க முடியல" என்று கேட்டுப் பார்த்தாள்.

"பேரே இடிச்சதுன்னுதானே அக்கா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் வாசு, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்கு எரிச்சலாக வந்தது. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே என்று அடுத்த கட்டு இலையை ஆய ஆரம்பித்தாள்.

பூசத்தன்று ஆற்றில் குளித்து, மஞ்சள் புடவையோடு நின்றவளிடம் பூசாரி குடத்தைக் கொடுத்தார். குடம் நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது. பால் தளும்பியது. புனிதா கூட்டத்தில் எங்கோ பின்தங்கியிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று அமுதவள்ளி மகளைத் தேடித் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது பக்கத்திலிருந்து இரண்டு கைகள் குடத்தை வாங்கி அவள் தலையில் வைத்தன. பார்த்தால் வாசு. அவருக்கும் ஏதோ வேண்டுதல் போல, மஞ்சள் வேட்டியில் இருந்தார்.

"கை என்னக்கா ஆச்சு?"

நிஜமாகவே தெரியாதவர் மாதிரிதான் கேட்டார். குடத்தை இடது கையால் பிடித்துக்கொண்டாள் அமுதவள்ளி.

"இடிச்சது தம்பி" என்றாள்.

வாசுவின் கண் அவளுடைய வலது தோளுக்குப் போனது. அவள் படியேறத் தொடங்கினாள்.