கைராசி டாக்டர்

எங்க ஊர் கைராசி டாக்டர் இன்று காலை போய்விட்டார். நெஞ்சுவலி... வீட்டிலேயே.

வாட்ஸ்அப் குரூப் பூரா கும்பிடு பொம்மை. "தொட்டாலே பாதி நோய் போயிடும்" என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். என் பங்குக்கு நானும் எழுதிவிடுகிறேன்.

மஸ்கட் வருவதற்கு முன்னால் அவர் நர்சிங் ஹோமில் நான் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். அங்கே சுவரில் ஒரு செக்லிஸ்ட், பளபளவென்று லேமினேட் பண்ணி.

நோயாளி பேர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், தையல் போடுமுன் வயிற்றுக்குள் வைத்த துணியெல்லாம் வெளியே வந்துவிட்டதா... எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஆயுத பூஜைக்குக் கத்தி, கத்தரிக்கோலோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சுண்டல் நன்றாக இருக்கும்.

புதிதாக வந்த மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை அதைப் படிக்க ஆரம்பித்தார். நம்மவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது கைராசி இல்லாதவனுக்கு எழுதுனது. மருந்தைப் போடுங்க."

நான் மஸ்கட் வந்த பிறகு அக்காவுக்கு அங்கேதான் சிசேரியன். வலங்கைமானில் அவள் மாமியார் வீட்டில், "கைராசிக்காரர் இருக்கறப்ப தஞ்சாவூர் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

அக்காவுக்குத்தான் காய்ச்சல் விடவில்லை. வயிறு உப்பி, சீழ் வைத்து, கடைசியில் தஞ்சாவூரில் திறந்து பார்த்தால் உள்ளே துணி. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

அப்பா போய் நம்மவரிடம் கேட்டார். "உசுரு இருக்குல்ல? அதான்யா கைராசி" என்றாராம். அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார்... கும்பிட்டுவிட்டு!

போன வருஷம் டாக்டர் தன் முழங்கால் ஆபரேஷனுக்கு மகன் இருக்கிற லண்டனுக்குப் போனார். திரும்பி வந்து என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மைக் பிடித்தார்.

"வர்றவனெல்லாம் பேரைக் கேக்குறான். எந்தக் கால்னு கேட்டு பேனாவால அம்புக்குறி போடுறான். ஒவ்வொரு துணியா எண்ணிப் பாத்துட்டுத்தான் தைக்கிறான். அங்கல்லாம் உசுருக்கு மதிப்பு இருக்குங்க!"

வீடியோவில் பார்த்தேன். மண்டபமே கைதட்டுகிறது. முன்வரிசையில் அக்கா... அவளும் தட்டுகிறாள்.

இப்போதுதான் அவளிடமிருந்து போன்.

"தம்பி, அவரு புள்ளைங்க வெளிநாட்டுலேர்ந்து வர நாளாவுமாம். ஐஸ் பெட்டியில தனியா கெடக்காருப்பா. பக்கத்துல ஒக்காந்து அழ ஒரு பொம்பள இல்ல. நான் கெளம்பிட்டேன்."

"நீயாக்கா?"

"பின்ன? என்னையப் பொழைக்க வச்சவருல்ல?"

போனை வைத்துவிட்டேன்.

போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்றுதான் நம்ம பக்கம் சொல்வோம்.

டாக்டர்... போங்க.